புதுச் சுருட்டு நல்லதா, பழஞ்சுருட்டு நல்லதா?

சில பொருள்கள் புதிதாக இருக்கும்போதுதான் ருசிக்கும். சில பொருள்கள் நாள்பட்டால்தான் ருசிக்கும். இது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பொங்கலுக்குப் புது அரிசி வேண்டும். அன்றாடச் சாப்பாட்டுக்கோ பழைய அரிசிதான் வேண்டும். புது அரிசியில் சோறு வடித்தால் குழைந்துவிடும். ஆவக்காய் ஊறுகாயைப் போட்ட அன்றே எடுத்துத் தின்றால் காரமும் கசப்பும்தான் மிஞ்சும். ஆனால் தேங்காய்ச் சட்னியை மறுநாளைக்கு வைத்திருக்கலாமா? வைத்தால் குப்பைக்குத்தான் போகும்.

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய குப்பம் அது. இப்படிப்பட்ட குப்பங்களில் மீன் விற்கும் பெண்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கராவை அன்றைக்கே குழம்பு வைத்துவிட வேண்டும். வாளைக்கு உப்பும் வெயிலும் பட்டால் தனி மவுசு வந்துவிடும். நெத்திலி இரண்டுக்கும் ஆகும். எதை இன்றே விற்பது, எதை நாளைக்கு வைப்பது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது.

சுருட்டின் சங்கதியும் இதேதான். சுற்றிய சூட்டோடு பிடிக்க வேண்டிய சுருட்டு உண்டு. ஐந்து வருஷம், பத்து வருஷம் பெட்டியில் உறங்கவிட்டுப் பிடிக்க வேண்டிய சுருட்டும் உண்டு. இரண்டையும் மாற்றிச் செய்தவர்கள் பணத்தையும் இழந்து, இருமலையும் வாங்கிக் கொள்கிறார்கள். மேனாட்டு ரசிகர்கள் இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ் கொடுத்த சொல்

இந்தச் சாஸ்திரத்தில் தமிழனுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இருபுறமும் நறுக்கிவிட்ட சுருட்டுக்கு அந்தப் பெயர். அது நம்முடைய ‘சுருட்டு’ என்ற சொல்தான். கப்பலேறிச் சென்று மேல்நாட்டு உச்சரிப்பை வாங்கிக்கொண்டது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர்கள் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் நம் மண்ணிலும் மனத்திலும் வேரூன்றிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்புவதாக ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு பிரபந்தம் பாடினார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் சுருட்டுப் படைப்பது இன்றைக்கும் பல ஊர்களில் நடக்கிறது. கொலம்பஸ் கடல் கடந்த பிறகு வந்த ஒரு பண்டம், காவல் தெய்வங்களின் படையலில் இடம் பிடித்துவிட்டது!

திருச்சிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் கடைத்தெருவில் பெயர் வாங்கிவிட்டது. ஆர்தர் கானன் டாயில் 1887-ல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கறுத்து, ஏடு ஏடாக உதிரும் சாம்பல் அதற்குத்தான் உண்டாம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சிலுக்கும் இங்கிருந்து சுருட்டுப் போயிற்று என்று திருச்சிப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு. உறையூரில் சுருட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியாரின் சுருட்டுத் தொழிற்சாலை நடந்தது. திண்டுக்கல்லுக்கு அருகே வேடசந்தூரில், சுருட்டுப் புகையிலைக்கென்றே சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1948-ல் தொடங்கப்பட்டது. அக்கரையில் யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் இதேபோல் கியாதி உண்டு.

இலை படும் பாடு

எந்தச் சுருட்டைப் புதிதாகப் பிடிக்கலாம், எதை வைத்திருந்து பிடிக்கலாம் என்ற கேள்விக்கு விடை சுருட்டில் இல்லை, இலையில் இருக்கிறது.

ஒரே செடியில் விளையும் இலைகள் ஒரே குணம் உடையவை அல்ல. அடியில் இருக்கும் இலை மெல்லியது, காரம் குறைவு, நன்றாக எரியும். நடுவில் இருப்பது வாசனை உள்ளது. உச்சியில் இருக்கும் இலை வெயிலை முழுவதும் வாங்கிக் கொள்ளும். அது தடித்து, பிசுபிசுத்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். காரமும் அதில்தான் அதிகம். இந்த மூன்றையும் எந்த அளவில் கலக்கிறார்களோ, அதைப் பொறுத்து அமைகிறது சுருட்டின் ஜாதகம்.

பறித்த இலையை முதலில் உலர்த்துகிறார்கள். பிறகு அம்பாரமாகக் குவித்து அழுத்தி வைக்கிறார்கள். வைக்கோற்போரின் உள்ளே சூடு ஏறுவதைக் குடியானவர்கள் அறிவார்கள். அதேபோல் புகையிலைக் குவியலிலும் உள்ளே சூடு கிளம்புகிறது. 40, 50 டிகிரி சென்டிகிரேட் வரை கூடப் போகும். அதற்கு மேல் ஏறவிடாமல் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் பல வாரம், சில இலைகளுக்குப் பல மாதம் நடக்கும். இந்தப் புழுக்கத்தில் இலையில் உள்ள புரதப் பொருள்கள் சிதைந்து, அம்மோனியா வாயுவாக வெளியேறுகின்றன. குவியலைப் பிரிக்கும்போது கண்ணில் நீர் வர வைக்கும் நெடி அதுதான்.

அடி இலைக்கு இந்தப் பக்குவம் சீக்கிரம் வந்துவிடும். உச்சி இலைக்கு நாளாகும். கியூபா நாட்டில் அடி இலையைச் சுமார் 9 மாதமும், உச்சி இலையை 2 ஆண்டுக்குக் குறையாமலும் வைத்திருந்த பிறகே சுருட்டுக்கு எடுப்பது முறை.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்துப் புகையிலையில் குளோரைடு சேர்ந்துவிடும். அந்த இலை நெருப்பைப் பிடித்துக் கொள்ளாது. அடிக்கடி அணைந்து போகும். வாயில் அடக்கி மெல்லுவதற்கு அது ஆகும், சுருட்டுக்கு ஆகாது. எத்தனை வருஷம் பெட்டியில் வைத்தாலும் இந்தக் குறை தீராது. நாள்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கோளாறான இலையைக் காலம் திருத்துவதில்லை.

சுருட்டுக்கு வரும் காய்ச்சல்

பதப்பட்ட இலை உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை அப்படியே சுற்ற முடியாது. தண்ணீர் தெளித்து, துவளும்படி செய்துதான் சுற்றுகிறார்கள். அந்த ஈரம் பட்டதும், அடங்கிக் கிடந்த புழுக்கம் மறுபடி தலைதூக்குகிறது. மிச்சம் இருந்த அம்மோனியா வெளிவரத் தொடங்குகிறது.

சுற்றி முடித்த முதல் சில நாட்களில் இது தெரியாது. அப்போது சுருட்டு மிருதுவாக, பசுமையான மணத்தோடு இருக்கும். கியூபாவில் அப்படிச் சுடச்சுடப் பிடிப்பதை விரும்புகிறவர்கள் உண்டு. அதன் பிறகு வருகிறது சோதனைக் காலம். நெடி ஏறும், தொண்டையைக் கமறும், நாக்கு எரியும். மேனாட்டு ரசிகர்கள் இதைச் சுருட்டின் ‘நோய்க் காலம்’ என்றே அழைக்கிறார்கள். நம் ஊர் ஊறுகாய் பாதி ஊறிய நிலையில் பச்சைக்காயாகவும் இல்லாமல், ஊறுகாயாகவும் இல்லாமல் இருக்குமே, அந்த நிலைதான்.

பழைய சுருட்டு வியாபாரிகள் இதற்கு ஒரு சூத்திரம் சொல்லி வைத்தார்கள்: சுற்றிய ஒரு மாதத்துக்குள் பிடி, இல்லாவிட்டால் ஒரு வருஷம் தொடாதே. எல்லாச் சுருட்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. உள்ளே உச்சி இலை குறைவாக இருந்தால் நோய்க் காலம் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். உச்சி இலை நிறைந்த முரட்டுச் சுருட்டுக்கு ஒரு வருஷமும் போதாது.

இதனால் தொழிற்சாலைகளில் இரண்டு விதமான கொள்கை ஏற்பட்டுவிட்டது. ஒரு சாரார் இலையையே 2, 3, 5 வருஷம் என்று கட்டிவைத்துப் பழசாக்கிவிட்டுப் பிறகு சுற்றுகிறார்கள். டொமினிக்கன் குடியரசிலும் நிகராகுவாவிலும் இந்த முறையைக் கையாளும் தொழிற்சாலைகள் பல உண்டு. கடைக்கு வரும்போதே அந்தச் சுருட்டு பிடிக்கத் தயாராக இருக்கும். மற்றொரு சாரார் சுற்றி விற்றுவிட்டு, பழசாக்கும் பொறுப்பை வாங்குகிறவனிடமே விட்டுவிடுகிறார்கள். கியூபாச் சுருட்டுகளில் பல இந்த ரகம். முதல் ரகத்தை வாங்கியவன் காத்திருப்பது வீண். இரண்டாம் ரகத்தை வாங்கியவன் அவசரப்படுவது வீண்.

கென்னடியின் 1,200 சுருட்டுகள்

சுருட்டைச் சேர்த்து வைப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1962 பிப்ரவரியில் ஒரு மாலை அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, தம்முடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, மறுநாள் காலைக்குள் சுமார் 1,000 கியூபாச் சுருட்டுகள் வேண்டும் என்றார். சாலிஞ்சர் கடை கடையாக அலைந்து 1,200 சுருட்டுகளோடு வந்து நின்றார். ஜனாதிபதி முகம் மலர்ந்தது. உடனே மேஜையைத் திறந்து ஒரு தஸ்தாவேஜை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கியூபாவின் சரக்குகள் எதுவும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்ற தடை உத்தரவு அது! சாலிஞ்சரே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

அவர் வாங்கி வந்தவை ‘அப்மன்’ கம்பெனியின் சிறிய ரகச் சுருட்டுகள். சிறிய சுருட்டில் இலை குறைவு. அதனால் பக்குவமும் சீக்கிரம் வரும், வாசனை போவதும் சீக்கிரம். தடித்த சுருட்டில் உள்ளே இருக்கும் ஈரமும் நெடியும் வெளியேற நாளாகும். அதேசமயம் நீண்ட காலம் தாங்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் நின்று கொண்டு இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவசாலிகள் பார்க்கும் அடையாளங்கள் இவை:

தேதி: உயர்ந்த ரகக் கியூபாச் சுருட்டுப் பெட்டியின் அடிப்பக்கத்தில், அடைக்கப்பட்ட மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். பலர் மேலே இருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். அடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நெடி: சுருட்டின் வெட்டிய முனையை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். தேன், மரப்பட்டை, உலர்ந்த வைக்கோல் போன்ற மணம் வந்தால் சரி. நவச்சார நெடியோ, மாட்டுக் கொட்டகை வாடையோ அடித்தால் அது இன்னும் நோய்க் காலத்தில் இருக்கிறது.

மிருது: இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் அமுங்கி, மறுபடி எழும்ப வேண்டும். அமுங்கியது அப்படியே நின்றால் ஈரம் அதிகம். சரசரவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. காய்ந்தது வேறு, பழசானது வேறு. காய்ந்த சுருட்டில் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். பிறகு ஈரம் ஏற்றினாலும் திரும்பாது.

நிறம்: கறுத்த சுருட்டு காரமானது, வெளுத்த சுருட்டு சாது என்பது பலருடைய அபிப்பிராயம். இது தவறு. மேலே சுற்றிய இலையை அதிக நாள் புழுக்கினாலும் கறுத்துவிடும். அதனால் இனிப்புச் சாயல்கூட வரும். காரம் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது.

சாதுவான சுருட்டை நெடுநாள் வைத்திருந்தால் சப்பென்று போய்விடும். அதைப் புதிதாகவே பிடிக்க வேண்டும். இலைத் தூளை இயந்திரத்தில் அடைத்துச் செய்த மலிவுச் சுருட்டும், வாசனைச் சரக்கு பூசிய சுருட்டும் வைத்திருந்தால் மேம்படுவதில்லை. முரடாக இருந்தாலும் அடியில் ஓர் இனிமை தெரிகிற சுருட்டைத்தான் வைத்திருந்து பார்க்கலாம். ஒரு பெட்டியில் ஒன்றைப் பிடித்துப் பார்த்து, ஆறு மாதம் கழித்து இன்னொன்றைப் பிடித்துப் பார்ப்பவனுக்கு எந்தப் புத்தகமும் வேண்டியதில்லை.

கடற்காற்று செய்யும் வேலை

வைத்திருப்பது என்று முடிவு செய்தாலும், எங்கே வைப்பது என்ற சங்கடம் இருக்கிறது. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவிகித ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி வெப்பமும் உத்தமம் என்கிறார்கள். சென்னையில் இது எப்படிக் கிடைக்கும்? ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம் கடலைப் பார்த்த வீடு என்றால், ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 37, 38 டிகிரிக்குப் போகும்.

ஈரம் மிஞ்சினால் பூஞ்சைக் காளான் பிடிக்கும். பச்சையாகவோ நீலமாகவோ மயிர்போல் படர்ந்தால் அந்தச் சுருட்டைத் துடைத்துப் பிடிக்கக் கூடாது. தூக்கி எறிய வேண்டும். வெப்பம் மிஞ்சினாலோ வண்டு கிளம்பும். புகையிலையைத் தின்றே பிழைக்கும் சிறு வண்டு ஒன்று இருக்கிறது. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இலையோடு வந்துவிடும். 24 டிகிரிக்கு மேல் போனால் பொரிந்து, குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைபோட்டுக் கொண்டு வெளியே வரும். ஒரு பெட்டி முழுவதும் சல்லடையாகிவிட ஒரு கோடை போதும். பெட்டியைக் குளிர்ப்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் சில நாள் வைத்தால் முட்டை செத்துவிடும்.

மேல்நாட்டார் இதற்கென்று ‘ஸ்பானிய செடார்’ மரத்தில் செய்த பெட்டிகளை உபயோகிக்கிறார்கள். பெயரைப் பார்த்துத் தேவதாரு என்று எண்ண வேண்டாம். அது நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதன் வாசனையைப் புகையிலையும் ஏற்றுக் கொள்ளும். நம் வீடுகளில் அரிசிக்கும் பருப்புக்கும் வேப்பிலை போட்டு வைக்கும் வழக்கத்தை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

நம் ஊர்ச் சுருட்டு எந்த ரகம்?

உறையூர், திண்டுக்கல் பக்கத்து நாட்டுச் சுருட்டு பெரும்பாலும் புதிதாகப் பிடிக்கும் ரகமே. இலை நன்றாகப் புழுங்கிய பிறகுதான் சுற்றுகிறவரின் கைக்கு வருகிறது. வாங்குகிறவரும் கட்டாகவோ ஒன்றிரண்டாகவோ வாங்கி உடனே பிடித்துவிடுகிறார். நாள்பட வைத்தால் காய்ந்து, மேல் இலை வெடித்து, காரம் மட்டும் மிஞ்சும்.

ஆனால் ‘உடனே பிடிப்பது’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. தொழிலாளி அன்றைக்குச் சுற்றியதை அன்றைக்கே விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். பத்து வருஷம் பெட்டியில் பூட்டிவைக்கப் பணம் படைத்தவனால்தான் முடியும். கியூபாச் சுருட்டின் பழமைக்கு விலை கிடைக்கிறது. நாட்டுச் சுருட்டைச் சுற்றுகிற கைக்கு அது கிடைப்பதில்லை. சிகரெட்டும் பீடியும் வந்த பிறகு சந்தை சுருங்கிவிட்டது. சுற்றுகிறவர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நாள் முழுதும் புகையிலைத் தூளைச் சுவாசித்து உட்கார்ந்திருக்கும் தொழிலுக்கு அவர்கள் திரும்ப வரவேண்டும் என்று யாரும் சொல்லவும் முடியாது.

பழசானால் விஷம் குறையுமா?

கடைசியாக ஒரு கேள்வி. நெடியும் கமறலும் போய்விட்ட பழஞ்சுருட்டு உடம்புக்குக் கெடுதல் இல்லாதது என்று நம்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்துத்தான் விடுகிறோம் என்றும் சமாதானம் சொல்கிறார்கள்.

இரண்டும் தவறு. நாள்படுவதால் போவது அம்மோனியாவின் நெடி. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் போவதில்லை. அவற்றில் முக்கியமான நைட்ரோசமைன்கள், இலையைப் பதப்படுத்திப் புழுக்கும்போதே உருவாகின்றன. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். புகையை இழுக்காவிட்டாலும் வாயும் நாக்கும் தொண்டையும் அதில் குளிக்கின்றன. கடலோர ஆந்திரத்தில், சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் பெண்களிடையே உண்டு. அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சுருட்டுப் பிரியர்களான பெரிய மனிதர்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிராண்ட் 1885-ல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். மனத்தத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டு நாளொன்றுக்கு 20 சுருட்டு வரை பிடித்தவர். 1923-ல் அவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. 1939-ல் இறக்கும்வரை முப்பதுக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகளைத் தாங்கினார். உயர்ந்த சுருட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்க அவர்களுக்கு வசதி இருந்தது. அந்தத் தேர்வு அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பது குற்றம். 2008 அக்டோபர் 2 முதல், காந்தியடிகள் பிறந்த நாளன்று, பொது இடங்களில் புகைபிடிப்பதற்கான தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. சுருட்டுக்கு இதில் எந்த விலக்கும் கிடையாது.

ஆகவே, புதுச் சுருட்டா பழஞ்சுருட்டா என்ற விவகாரத்துக்குத் தீர்ப்பு இரண்டு பாகமாகத்தான் வரும். மெல்லிய இலையும் சாதுவான குணமும் உள்ளது புதிதாகவே ருசிக்கும். உச்சி இலை மிகுந்த முரட்டு ரகம் காத்திருந்தால் இனிக்கும். இது நாக்கு சொல்லும் தீர்ப்பு. உடம்பு சொல்லும் தீர்ப்பு வேறு. அரிசி பழசானால் வயிற்றுக்கு நல்லது. புகையிலை பழசானால் நாக்குக்கு மட்டுமே நல்லது.